தப்பு வாத்தியாரும் வீட்டு மேதையும்

எங்கள் மாமாவுக்குத் தப்பு எழுதுவதற்குச் சம்பளம். கை தவறி எழுதும் தப்பு இல்லை. யோசித்து, செதுக்கி, நாலு தடவை படித்துப் பார்த்து எழுதும் தப்பு. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். டேப்லெட்டிலும் போனிலும் பாடம் சொல்லித்தரும் ஒரு செயலியை நடத்துகிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். அதில் ஒரு கேள்வி வரும், கீழே நாலு விடை வரும். ஒன்று சரி, மூன்று தப்பு. சரியான விடையை எழுத ஒரு கணக்கு டீச்சர் இருக்கிறார். மற்ற மூன்றும் மாமாவின் கைவண்ணம். ஆபீசில் அவருக்குத் தப்பு வாத்தியார் என்று பேர். அவரே அதை எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லுவார். கேட்கிறவர்கள் திரும்பி அக்காவைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, வாய்க்கு வந்த நம்பரைப் போட வேண்டியதுதானே என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வாலு," என்றார். எனக்கு அவர் வைத்த பேர் அது. "ஒரு சட்டை விலை ஐந்நூறு. இருபது சதவீதம் தள்ளுபடி. எவ்வளவு கொடுக்கணும்?"

"நானூறு."

"சரி. தப்பா சொல்றவன் என்ன சொல்லுவான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எதையாவது சொல்லுவான்."

"எதையாவது சொல்லமாட்டான். அதுதான் விஷயம். ஒருத்தன் நூறுன்னு சொல்லுவான். தள்ளுபடியைக் கண்டுபிடிச்சதும் வேலை முடிஞ்சிடுச்சுன்னு எழுந்து போற ஆளு. இன்னொருத்தன் அறுநூறும்பான். கழிக்கறதுக்குப் பதிலா கூட்டிட்டான், எதிர்ப்பக்கம் போற ஆளு. மூணாவது ஆளு நானூத்தி எண்பதும்பான். இருபதுன்னு எழுதியிருக்கு, இருபதைக் கழிச்சுட்டான். மனுஷன் தப்பு பண்றதுக்கும் ஒரு வழி வச்சிருக்கான்மா."

அந்த வழிதான் செயலிக்கு வேண்டியது. நீங்கள் நூறைத் தொட்டால் அது உங்களைத் திட்டாது. தள்ளுபடியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், இன்னும் ஒரு வேலை பாக்கி என்று அந்த இடத்தை மட்டும் விளக்கிவிட்டு அதே மாதிரி இன்னொரு கேள்வி தரும். அறுநூறைத் தொட்டால் வேறு விளக்கம், வேறு கேள்வி. சரியாகவே தொட்டுக்கொண்டு போனால் விளக்கம் எதுவும் தராமல் ஒரு படி மேலே ஏற்றிவிடும். ஆளுக்குத் தகுந்தபடி பாதை மாறிக்கொண்டே போகும். ஆகவே தப்பு சரியாக இருந்தால்தான் பாடம் சரியாக இருக்கும் என்பது மாமாவின் வேதம்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மற்ற வாத்தியார்கள் தப்பான விடையைக் கண்டால் சிவப்பு மையால் குத்துவார்கள். இவர் ரசிப்பார். "ஆகா, எந்த இடத்துல வழுக்கின, வா பார்க்கலாம்" என்று பலகைக்கு அழைத்துக்கொண்டு போய் ஒரே ஒரு தப்பை ஒரு வகுப்பு முழுக்கப் பேசுவார். மாணவர்களுக்குக் கொண்டாட்டம். பாடம் மட்டும் முடிந்தபாடில்லை. கடைசியில் டுடோரியல் முதலாளி அவரைக் கும்பிட்டு வழியனுப்பினார். தப்பு எழுத ஆள் வேண்டும் என்ற விளம்பரம் அப்போது கண்ணில் பட்டது, கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி.

வேலையில் இப்படி என்றால் வீட்டில் எப்படி என்று கேட்பீர்கள். வீட்டில் மாமா பொய் சொல்லுவார். பெரிய பொய் இல்லை, குடும்பத்தைக் குலைக்கிற பொய் இல்லை. குழாய் சொட்டுகிறது, ஆளைக் கூப்பிட்டீர்களா என்று அக்கா கேட்டால், இல்லை என்ற ஒரு சொல்லில் முடியவேண்டியதை, கூப்பிட்டேன், அவனுக்குக் கால் சுளுக்கு, இடது கால், ஏணியிலிருந்து இறங்கும்போது, வியாழக்கிழமை வருகிறானாம் என்று ஒரு கதையாக அளப்பார். நான் பல் டாக்டர் கிளினிக்கில் முன் மேஜையில் உட்கார்ந்திருப்பவள். தினமும் ரெண்டு வேளை பல் விளக்குகிறேன் என்று சொல்லும் வாய்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். எனக்கே மாமாவின் பொய் இனிக்கும். அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். "சரிங்க, வியாழக்கிழமை பார்ப்போம்" என்பாள். அவர் பேச்சை அவள் நம்பிவிட்டாள் என்று அவர் நம்புவார். கிளினிக் பக்கத்தில் இருப்பதால் நான் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். இந்தக் கூத்து எனக்குத் தினமும் இலவசம்.

இனி அக்காவைப் பற்றி. அக்கா பார்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். லாரியில் வரும் பெட்டிகள் பெல்ட்டில் ஓடிவரும். ஊர் வாரியாகப் பிரித்துக் கூண்டு வண்டிகளில் தள்ளவேண்டும். எந்த பெல்ட் எப்போது மக்கர் பண்ணும், எந்த ஆள் எப்போது டீ குடிக்க நழுவுவான் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஆனால் மேற்பார்வையாளர் ஆகவேண்டும் என்றால் துறைத் தேர்வு எழுதவேண்டும். சராசரி, சதவீதம், விகிதம், அதோடு இந்தச் சூழ்நிலையில் என்ன செய்வீர்கள் என்கிற மாதிரிக் கேள்விகள். அக்கா ஏற்கெனவே ஒரு தடவை எழுதினாள். மதிப்பெண் வாங்கி வர மாமாதான் தலைமை ஆபீசுக்குப் போனார், அக்காவுக்கு அன்று ஷிப்ட். திரும்பி வந்தவர், "ஒரே ஒரு மார்க்ல போச்சு" என்றார். அக்கா தலையை ஆட்டிவிட்டு டீ போடப் போனாள்.

அவளுக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த ஒருவன் இருக்கிறான். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பான், ஆனால் எழுதி யாரும் பார்த்ததில்லை. பேரும் பென்சில்தான். பெட்டியை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்கவேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அக்கா. அவனும் இந்தத் தடவை எழுதுகிறான். அவன் தேறி அக்கா தேறாவிட்டால், மறுநாளிலிருந்து அவன் கை நீட்டுகிற பக்கம் அக்கா போகவேண்டும்.

"அவன் மேற்பார்வையாளரா வந்து எனக்கு வேலை சொன்னான்னா, அந்தப் பென்சிலை நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது," என்று ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மாமாவின் கம்பெனியில் ஊழியர்களின் வீட்டுக்குச் செயலி இலவசம். மாமா ஒரு பழைய டேப்லெட்டைக் கொண்டுவந்து, துறைத் தேர்வுப் பகுதியைத் திறந்து கொடுத்தார். பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. ஷிப்ட் முடிந்து வந்ததும் அக்கா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விரலால் தட்ட ஆரம்பித்தாள். முதல் இரண்டு மூன்று நாள் அழாத குறை. கீழ்ப்படியிலேயே கிடந்து உழன்றாள். அப்புறம் என்ன மாயமோ, மளமளவென்று ஏறினாள். திரையில் நட்சத்திரம் தெறித்தது. "அருமை, அடுத்த படிக்குச் செல்கிறீர்கள்" என்று ஒரு பெண் குரல் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் அக்காவுக்குள் இவ்வளவு மூளை ஒளிந்திருந்ததா என்று எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

அந்த வாரமே மாமா ஆபீசிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார்.

"எங்க செயலியில ஒரு மேதை வந்திருக்கு," என்றார் சாப்பாட்டில் கை வைத்ததும். "யாரோ தெரியல. நான் எழுதின தப்பு ஒண்ணைக்கூடத் தொடறதில்ல. நான் யோசிச்சு யோசிச்சு வச்ச பொறியெல்லாம் தாண்டித் தாண்டிப் போகுது. அதுவும் கேள்வியைப் படிக்கற நேரம்கூட எடுத்துக்கறதில்ல."

ஆபீசில் ஒரு பெண் இருக்கிறாள், யார் எங்கே தொடுகிறார்கள் என்று வரைபடம் போட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. அவள்தான் கண்டுபிடித்தாளாம். முதலாளிக்கு ஒரே பூரிப்பு. எங்கள் செயலி உருவாக்கிய மேதை என்று விளம்பரம் போடலாமா என்று கேட்கிறாராம்.

"உங்களுக்கு சந்தோஷம்தானே?" என்று அக்கா கேட்டாள்.

"என்ன சந்தோஷம்? இவ்வளவு வருஷமா தப்பு எழுதறேன். ஒரு ஆளைக்கூட ஏமாத்த முடியலன்னா அப்புறம் எனக்கு எதுக்குச் சம்பளம்?"

"பாவம் நீங்க," என்று அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது.

மறுநாள் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா டேப்லெட்டைத் திறந்தாள். இடது உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல்பாதியில் வைத்தாள். கேள்வி முழுவதும் கைக்குள் மறைந்துவிட்டது. கீழே நாலு விடை மட்டும் தெரிந்தது: 900, 450, 300, 360. அக்கா உதட்டைச் சுழித்தாள். 300 என்பதைத் தொட்டாள். நட்சத்திரம் தெறித்தது.

"அக்கா, கேள்வியைப் படிக்கவே இல்லையே."

"கேள்வி எதுக்கு? எனக்குத் தெரிஞ்ச ஆளுதானே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இதைப் பாரு. தொள்ளாயிரம். எல்லாத்தையும் கூட்டிட்டு, பங்கு போடாம எழுந்து போயிட்டார். மெஷின்லேருந்து துணியை எடுத்து வாளியில போட்டுட்டு, காயப்போடாமலே வந்து துணி ஆச்சும்பாரே, அது. அதுல பாதி நானூத்தி ஐம்பது. மூணு பேருக்குப் போட வேண்டிய பங்கை ரெண்டு பேருக்குப் போட்டிருக்கார். யாராவது சாப்பிட வந்தா தன்னை விட்டுட்டுத் தட்டு எண்ணுவாரா இல்லையா?"

"எண்ணுவார்."

"முன்னூத்தி அறுபது. இருக்கறதுல பெரிசா ஒண்ணைத் தூக்கிக்கறது. கடைக்கு அனுப்பினா காய் எப்படி வாங்கிட்டு வருவார்?"

"பெரிசா, முத்தலா."

"அவ்வளவுதான். இதுவும் உங்க மாமா, இதுவும் உங்க மாமா, இதுவும் உங்க மாமா. மிச்சம் இருக்கறது விடை."

நான் சிரித்துச் சிரித்து மேஜை மேலேயே கவிழ்ந்துவிட்டேன். சூழ்நிலைக் கேள்விகள் அவளுக்கு இன்னும் சுலபம். நாலு விடையில் எதெல்லாம் ரொம்ப நீளமாக, நயமாக, காரணகாரியத்தோடு இருக்கிறதோ அதெல்லாம் மாமா. கால் சுளுக்கிய குழாய்க்காரன் அதற்குள் நொண்டிக்கொண்டு வருவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் எங்கள் மாமா. அக்கா வருஷக்கணக்காக அந்தச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டவள். அவளிடமே வந்து பூசணிக்காயை ஒளித்தால் என்ன ஆகும்?

சிரித்து முடித்தபின்தான் எனக்கு உறைத்தது. செயலி, பாவம், விரல் எங்கே தொடுகிறது என்று மட்டும் பார்க்கிறது. கை எதை மூடியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. முதல் இரண்டு மூன்று நாளுக்கப்புறம் இவள் தப்பே செய்யாததால் அது இவளுக்கு ஒரு விளக்கம்கூடக் காட்டவில்லை. சராசரி என்றால் என்ன என்று சொல்லித்தராமலே மேலே மேலே ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது.

"அக்கா, பரீட்சையில மாமா இருக்கமாட்டாரே," என்றேன்.

"மெஷினே சொல்லிடுச்சு பாரு," என்று அக்கா திரையைக் காட்டினாள். நீங்கள் தேர்வுக்குத் தயார் என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. அதை நம்பிக்கொண்டு பென்சிலைப் பார்த்துச் சில நாளாகப் புன்னகை வேறு செய்துகொண்டிருந்தாளாம்.

இதற்கிடையில் மாமா அந்த மேதையை வீழ்த்தக் கிளம்பிவிட்டார். தன் பாணி வெளியே தெரிந்துவிட்டதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம். ஆபீசில் நாற்காலி மாறி உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் எப்படித் தப்பு செய்வார், முதலாளி எப்படித் தப்பு செய்வார் என்று வேறு ஆட்களாக மாறி யோசித்து எழுதினார். நீளமாக எழுதுகிறவர் கத்தரித்துக் கத்தரித்துச் சின்னதாக எழுதினார். புதுத் தப்புகள் செயலியில் ஏறிய அன்று சாயங்காலம் அக்கா உள்ளங்கையை விரித்துவைத்து ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"இன்னிக்கு வேற சட்டை போட்டுட்டு வந்திருக்கார்," என்றாள். "நடை மாறல." தொட்டாள். நட்சத்திரம் தெறித்தது.

மறுநாள் மாமா சரியாகச் சாப்பிடவில்லை. அந்த மேதை மனுஷப் பிறவியே இல்லை, வேறு ஏதோ கம்பெனி நம்மைக் கவிழ்க்க ஏவிவிட்ட மெஷின் என்றார். அக்கா, "இருக்கும், இருக்கும்" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. இங்கே ஒருவர் தூக்கத்தைத் தொலைக்கிறார், ஒருத்தி பரீட்சையைத் தொலைக்கப்போகிறாள், ரெண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக்கொடுக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா முடி வெட்டப் போயிருந்த நேரம் பார்த்து, பழைய துறைத் தேர்வுத் தாள் ஒன்றை அக்கா முன்னால் வைத்தேன். பார்சல் நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கிற கடையில் வாங்கியது. யாரோ முகம் தெரியாத ஆள் தயாரித்த தாள்.

"இதைப் போடு. கையை எடுத்துட்டுப் போடு."

அக்கா அலட்சியமாகத்தான் ஆரம்பித்தாள். வழக்கப்படி விடைகளைப் பார்த்தாள். 298, 301, 305, 312 என்று இருந்தது. அவள் புருவம் இறங்கியது. இரண்டாவது கேள்விக்குப் போனாள், மூன்றாவதுக்குப் போனாள். தாளைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள், தள்ளிவைத்துப் பார்த்தாள்.

"இது யாருன்னே தெரியலையே," என்றாள்.

திருத்திப் பார்த்தபோது பாதிகூடத் தேறவில்லை. அக்கா தாளைப் பிடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்கூட முழுதாக இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவள் அழவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் மாமா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்ன ஆச்சு? என்ன பேப்பர் அது?"

எனக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, உங்க மேதை இங்கதான் உட்கார்ந்திருக்கு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அக்கா டேப்லெட்டை எடுத்து, உள்ளங்கையை விரித்துவைத்து, தொட்டுக் காட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் மாமாவின் முகம் ஒரு படி கீழே இறங்கியது. கடைசியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். புதிதாக வெட்டிய தலையோடு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தார்.

"நான்தான் அந்தத் தப்புன்னு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அப்ப, அந்தக் குழாய்க்காரன் கால் சுளுக்கு?"

"தெரியும்."

"ஆபீஸ் லிப்ட்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னது?"

"உங்க ஆபீஸ் கீழ்த்தளத்துல இருக்குங்க."

மாமா மேஜை விரிப்பைத் தடவிச் சரிசெய்தார். அப்புறம் மெதுவாக, "போன பரீட்சை?" என்றார்.

"அதுவும் தெரியும். ஒரே ஒரு மார்க்குன்னு சொல்லி நிறுத்தியிருந்தா ஒருவேளை நம்பியிருப்பேன். நான் டீ போடப் போனேன், பின்னாடியே அடுப்படிக்கு வந்து, அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டார், உன் கையெழுத்து அழகா இருக்குன்னு சொன்னார்னீங்க. பரீட்சை எழுதினதே கம்ப்யூட்டர்ல. கையெழுத்தை அவர் எங்க போய்ப் பார்த்தார்?"

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இது எனக்கும் புதுச் செய்தி.

"அடுத்த வாரமே எங்க ஆபீஸ் பலகையில தாள் ஒட்டினாங்க. பாதிக்கும் கீழ," என்றாள் அக்கா.

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டா நிஜத்தைச் சொல்லியிருப்பீங்க. நிஜத்தைத்தான் ஊர் பார்க்க ஒட்டியிருந்தாங்களே. அதைச் சொல்ல வீட்டுல வேற ஒரு ஆள் வேணுமா?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். மாமாவின் புளுகு எட்டு நிமிஷம்கூடத் தாங்கியதில்லை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் கண் கலங்கியது. அதை மறைக்க, கழுத்தில் முடி குத்துகிறது என்றார். அதையும் அக்கா நம்பவில்லை, ஆனால் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இப்ப நான் என்ன பண்றது?" என்று அவளே கேட்டாள். "உங்களைத்தான் நான் நல்லாப் படிச்சிருக்கேன். வேற ஒண்ணும் படிக்கல."

மாமா முகத்தைத் துடைத்தார். பிறகு எழுந்து போய், நாங்கள் மளிகைச் சாமான் பேர் எழுதி அழிக்கிற பேனாவை எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒரு கேள்வியை எழுதினார். மூன்று பேர் ஒரு லாரியை இறக்க நான்கு மணி நேரம் ஆகிறது. ஆறு பேர் இறக்கினால் எவ்வளவு நேரம்? பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

"விடை நீ சொல்ல வேண்டாம். தப்பை எழுது. மூணு தப்பு. நான் விழணும்."

தப்பு எழுதவேண்டுமென்றால் முதலில் சரி எது என்று தெரியவேண்டும். அதோடு எந்த இடத்தில் கால் வழுக்கும் என்றும் தெரியவேண்டும். தப்பு வாத்தியார் தன் தொழிலின் சூட்சுமத்தை அப்படியே பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டார். அக்கா பேனாவை வாங்கிக்கொண்டு பிரிட்ஜை முறைத்தாள்.

"இதுக்குச் சரி எது?"

"ரெண்டு மணி நேரம்."

"ஆகாது."

"ஏன் ஆகாது?"

"ஆறு பேரை ஒரு லாரிக்கு விட்டா ரெண்டு பேர் டீ குடிக்கப் போவான். ஒருத்தன் போன் பேசுவான். மூணு மணி நேரம்னு எழுதுங்க."

"பரீட்சையில யாரும் டீ குடிக்கமாட்டாங்கம்மா."

"அப்ப அந்தப் பரீட்சையை எழுதினவன் லாரியையே பார்த்ததில்ல," என்று அக்கா மூன்றையே ஒரு தப்பாக எழுதிவிட்டாள். ஆனால் ஆள் இரண்டு மடங்கானால் நேரம் ஏன் பாதியாகிறது என்று அன்று முழுக்க விடாமல் கேட்டாள். எட்டு என்று ஒரு தப்பு வைத்தாள். அது பென்சில் செய்கிற தப்பாம். ஆள் கூடினால் எல்லாம் கூடும் என்று நினைக்கிறவன்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பிரிட்ஜைத் திறந்தால் சதவீதம், மூடினால் விகிதம். ஷிப்ட் முடிந்து வந்து அக்கா தப்பு எழுதுவாள், ஆபீசிலிருந்து வந்து மாமா சரியைத் தேடுவார். எழுதிய தப்பு சப்பென்று இருந்தால் மாமா தள்ளிவிடுவார்: "இந்தத் தப்பை யாரும் பண்ணமாட்டாங்க. ஒரு மனுஷனை நினைச்சு எழுது." அக்கா பார்சல் நிலையத்தில் இருக்கிற அத்தனை பேரையும் ஒவ்வொருவராக நினைத்து எழுதினாள். யார் அவசரக்காரன், யார் ஓரத்தில் எழுதியிருப்பதைப் படிக்கமாட்டான், யார் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்காததற்குச் சொல்லுவான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் முன்னால் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தாகவேண்டும். போட்டாள். பேனா மை தீர்ந்து நான் இரண்டு தடவை வாங்கி வந்தேன்.

மாமா ஒருநாள் விழுந்தார். இரண்டு பெல்ட்டும் ஒரே நேரத்தில் நின்றுபோனால் மேற்பார்வையாளர் முதலில் செய்யவேண்டியது என்ன என்று கேள்வி. நாலு விடையில் ஒன்று மட்டும் நீளம்: யாராவது பெல்ட்டுக்குள் கை விட்டிருக்கிறார்களா என்று நடந்துபோய்ப் பார்த்து, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, மின்சாரத்தை அணைத்து, பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுவது. மற்ற மூன்றும் சின்னச் சின்ன வரி. மாமா தன் புத்தியால் நீளமானதைத் தப்பு என்று ஒதுக்கிவிட்டு, மேலதிகாரியிடம் தெரிவிப்பது என்ற குட்டி வரியைத் தொட்டார்.

"தப்பு," என்றாள் அக்கா. "நீளமா இருக்கறதெல்லாம் பொய்னு நினைச்சுட்டீங்களா? பெல்ட்டுக்குள்ள கை மாட்டினவனுக்கு நீளமாத்தான் பார்க்கணும்."

மாமா பிரிட்ஜ் முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தார். தோற்றதில் இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்வியைச் செயலியில் சேர்க்க ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனார். வரைபடம் போடுகிற பெண் இரண்டே நாளில் ஓடிவந்தாளாம்: எல்லோரும் ஒரே பொறியில் விழுந்திருக்கிறார்கள், யார் எழுதியது என்று. வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்றாராம். மேதை எங்கே போனது, ஆளையே காணோம் என்று முதலாளி கேட்டதற்கு, அதற்குக் கால் சுளுக்கு என்று சொன்னாராம். இதை மாமா வந்து சொன்னார், ஆகையால் பாதி உண்மையாக இருக்கலாம்.

பரீட்சை அன்று அக்கா போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். எப்படி எழுதினாய் என்றேன். "இந்தத் தடவை விடைகளைக் கையால மூடிட்டு, கேள்வியைப் பார்த்தேன்," என்றாள். முடிவு வரும்வரை வீட்டில் யாரும் பென்சில் என்ற சொல்லையே எடுக்கவில்லை. எனக்கு எழுத வேண்டியிருந்தால் பேனாவைத்தான் கேட்டேன்.

முடிவு துறையின் இணையதளத்தில் வந்தது. அக்கா டேப்லெட்டைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். மாமா மேஜையில் உட்கார்ந்து அவளுடைய தேர்வு எண்ணைப் போட்டார். திரை வட்டமடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. நான் எட்டிப் பார்க்கப் போனேன். அவர் டேப்லெட்டை மார்போடு சாய்த்துக்கொண்டார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரே ஒரு மார்க்ல போச்சு," என்றார்.

அக்கா குழாயை மூடினாள். திரும்பவில்லை.

"அதிகாரி ரொம்ப வருத்தப்பட்டாராம்," என்றார் மாமா. "கையெழுத்து மட்டும் ரொம்ப அழகா இருந்துச்சாம்."

அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்கு முதலில் தெரியவில்லை. திரும்பினபோது இரண்டும்தான் இருந்தது. சோப்பு நுரைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாஸ்," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி முழுசாகத் தன்னைக் கண்டுபிடிக்கிற ஓர் ஆள் வீட்டில் இருப்பது அவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று அந்த முகத்தில் தெரிந்தது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பொய் சொல்லமாட்டேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். அவர் மார்போடு வைத்திருந்த டேப்லெட்டைப் பிடுங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் எண்ணைச் சரிபார்த்து, பெயரைச் சரிபார்த்து, மதிப்பெண்ணை விரல் வைத்துப் படித்தாள். மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள் அல்லவா.